நோவாவின் ஆசியும் நான் எழுதிய பத்தியும்

அந்தப் பக்கத்தில் ஒரு வரைபடம் இருந்தது. ஒரே புள்ளியிலிருந்து மூன்று அம்புகள் கிளம்பின. ஒன்று ஐரோப்பாவுக்குப் போயிற்று. ஒன்று அரபு நாடுகளில் நின்றது. மூன்றாவது ஆப்பிரிக்காவில் இறங்கிற்று. அந்த மூன்றாவது அம்புக்கு மட்டும் ஒரு கிளை. அது கடலைத் தாண்டி வந்து இந்தியாவின் தெற்கே, ஏறக்குறைய என் நாற்காலிக்கு அடியில், முடிந்தது.

"இந்தக் கிளை வேண்டாமுங்க. மூணு அம்பு மட்டும் போட்டாப் போதும்" என்றார் சாலமன்.

"மூலத்துல இருக்கே?"

"இருக்குதுங்க. நமக்கு வேண்டாமுங்க."

சொன்னவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக மைசூர் அக்ரஹாரத்து சர்க்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நஞ்சன்கூடு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று அவசரமாகக் கிளம்பினார். படம் வரைவதற்காக அந்த ஆங்கிலப் புத்தகத்தை முதன்முறையாக என்னிடம் விட்டுவிட்டுப் போனார்.

அது சனிக்கிழமை மத்தியானம். கடைக்குள் லேசர் பிரிண்டரின் சூடான வாசனை. எதிர்க்கடையில் மைசூர்பாகுக்கு நெய் காய்ந்துகொண்டிருந்தது. நான் கதவைச் சாத்தி வைத்துவிட்டு, அவர் எழுதித் தந்திருந்த தமிழ்ப் பக்கங்களையும் ஆங்கிலப் புத்தகத்தையும் பக்கம் பக்கமாக ஒப்பிட ஆரம்பித்தேன்.

கடையும் ஆட்களும்

சிவண்ணாவின் டி.டி.பி. கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. சிவண்ணா கன்னடக்காரர், நல்ல மனுஷர். கல்யாணப் பத்திரிகை, கேள்வித்தாள், கோயில் ரசீது எல்லாம் கன்னடத்தில் அவர் பார்த்துக்கொள்வார். எப்போதாவது தமிழில் ஏதாவது வந்தால், "மேடம், நிம்ம பாஷே பந்திதே" என்று என் பக்கம் தள்ளிவிடுவார். உங்கள் பாஷை வந்திருக்கிறது என்று அர்த்தம்.

அப்படி வந்தவர்தான் சாலமன். நாற்பது வயதிருக்கும். ராமாபுரத்துக்காரர். நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஆபரேட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்குள்ள தமிழ்க் கூலித் தொழிலாளர்களுக்குப் பிரசங்கம் செய்வார். மைசூரில் இருந்த ஒரு சின்ன ஊழியக் குழு, வெளிநாட்டுப் பாதிரி ஒருவர் எப்போதோ எழுதிய புத்தகத்தைத் தமிழில் போட அவரிடம் கொடுத்திருந்தது. குழுவின் செயலர் ஐசக் சார். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.

புத்தகம் முழுக்க ஒரே விஷயம்தான். பைபிளின் ஆரம்பத்தில் வருகிற நோவாவின் கதை. பிரளயம் வடிந்த பிறகு நோவா திராட்சை பயிரிட்டான், குடித்தான், கூடாரத்தில் ஆடை விலகிக் கிடந்தான். அவனுக்கு சேம், காம், யாப்பேத்து என்று மூன்று பிள்ளைகள். காம் அப்பாவைப் பார்த்துவிட்டு வெளியே போய்ச் சொன்னான். மற்ற இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்பக்கமாக நடந்து வந்து போர்த்தினார்கள். விழித்தெழுந்த நோவா, அந்த இருவரையும் ஆசீர்வதித்தான். காமின் மகன் கானானைச் சபித்தான். உலகத்து ஜனங்கள் எல்லாரும் இந்த மூவரின் சந்ததி என்பதால், எந்தத் தேசத்துக்கு என்ன ஆசி கிடைத்தது என்று அந்தப் பாதிரி இருநூறு பக்கத்துக்கு விளக்கியிருந்தார்.

சந்தேகம் பிடித்த காலம்

காவிரிக் கலவரத்தின்போது, தமிழர் வீடு என்று தெரியாமல் இருக்க எங்கள் வீட்டுப் பெயர்ப்பலகையைக் கழற்றியதை வேறொரு கட்டுரையில் எழுதியிருக்கிறேன். ஒன்றை அப்போது எழுத விட்டுவிட்டேன்.

தெருவுக்குள் ஏழெட்டுப் பேர் வந்து வீடுவீடாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "இவர ஊரு யாவுது?" என்று எங்கள் வீட்டைக் காட்டி, இவர்களுக்கு எந்த ஊர் என்று, அடுத்த வீட்டு அம்மாளிடம் கேட்டார்கள். தினமும் எங்கள் கறிவேப்பிலையைப் பறித்துக்கொண்டு போகிற அம்மாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. காட்டிக் கொடுக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை.  என் கணவர்தான் வெளியே போய், "மேலுகோட்டே" என்று கன்னடத்தில் சொன்னார். போய்விட்டார்கள். எத்தனையோ தலைமுறையாக நாங்கள் கன்னட நாட்டு மேல்கோட்டைதான், பொய்யில்லை. ஆனால் அன்றைக்கு அது பொய் சொன்ன மாதிரித்தான் நாக்கில் கசந்தது என்று அவர் பிறகு சொன்னார்.

அதன்பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. யாராவது ஒன்றைச் சொல்லாமல் விட்டால், ஏன் விட்டார்கள் என்று குடைந்துகொண்டே இருப்பேன். காய்காரர் எடையைச் சொல்லாமல் தராசை இறக்கினாலும் சந்தேகம்தான்.

அதனால் சாலமனின் தமிழில் ஒரு முழுப் பத்தி இல்லை என்று அன்று கண்டுபிடித்தபோது எனக்கு உள்ளூர ஒரு திருப்தி கூட வந்தது. நினைத்தேன், அப்படியே இருக்கிறது.

விட்டுப்போன பத்தி

அந்த ஆங்கிலப் பத்தி சொன்னது இதுதான். விந்தியத்துக்குத் தெற்கே இருக்கிற கறுத்த ஜனங்கள் காமின் பிள்ளைகள். மற்றவர்களின் கூடாரத்தில் வேலை செய்வது அவர்களுக்கு விதித்தது. அதை அவர்கள் சாபம் என்று நினைக்கக் கூடாது; எஜமானர்களின் நிழலில் இருப்பதால் அவர்களுக்கும் ஆசியில் ஒரு பங்கு உண்டு.

இரண்டு முறை படித்தேன். என் கையைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் நான்தான் கறுப்பு. பெண் பார்க்க வந்தவர்கள் அதைச் சொல்லாமல் போனதில்லை.

கோபம் பாதிரிமேல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சாலமன்மேல் வந்தது. இவர்களுடைய புத்தகம் நம்மைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை மறைத்துவிட்டு, இனிப்பான பாகத்தை மட்டும் அந்த ஏழைகளுக்குக் கொடுக்கிறார், ஆள் பிடிக்கிற தந்திரம் இது, என்று முடிவு கட்டினேன்.

வீட்டில் சொன்னேன். என் கணவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "அவா புஸ்தகம், அவா பாடு. நீ அடிச்சுக் குடுத்துட்டு வா. உனக்கேன் வம்பு?" என்றார்.

வம்பு எங்கள் ரத்தத்தில் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். மேல்கோட்டையில் என் பெரியப்பாவும் எதிர்வீட்டுக்காரரும் முப்பது வருஷம் பேசிக்கொள்ளவில்லை. சொத்துத் தகராறு எதுவும் கிடையாது. பெருமாளின் அருள் தானாக வருமா, நாம் கேட்டால்தான் வருமா என்று ஒரு பழைய வரிக்கு உரை சொல்வதில் வந்த தகராறு. ஒரே வரி, ஒரே பெருமாள், ஒரே தெரு. எதிர்வீட்டில் சாவு விழுந்தபோது பெரியப்பா வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். உரை எழுதுகிறவன் மூலத்தைவிடப் பெரிய ஆள் ஆகிவிடுவான் என்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதனால்தான் ஒருவர் உரையிலிருந்து ஒரு பத்தியை உருவிவிட்டது எனக்குப் பொறுக்கவில்லை.

ஐசக் சார் கேட்ட கேள்வி

அடுத்த வாரம் ஐசக் சார் கடைக்கு வந்தார். சலவைச் சட்டை, மடிப்புக் கலையாத பேன்ட். ஏதோ அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். புரூஃப் கட்டைக் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்தார்.

"எல்லாம் இதெயா மேடம்? ஒண்ணும் மிஸ் ஆகலையே?"

எல்லாம் இருக்கிறதா என்று கன்னடம் கலந்து சாதாரணமாகக் கேட்ட கேள்விதான். "இருக்கு சார்" என்று சொல்லியிருக்கலாம்.

"ஒரு பத்தி இல்லை சார். ஒரு படத்துலயும் ஒரு கோடு வேண்டாம்னு சொல்லியிருக்கார்" என்றேன்.

அவர் ஆங்கிலப் புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைப் படித்தார். முகம் மாறிற்று. "எழுதினவர் எழுதினதை வெட்ட இவருக்கு யாரு அதிகாரம் கொடுத்தது?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களே இதைத் தமிழ்ல பண்ணிடுங்க மேடம். மூணு வாக்கியம்தானே" என்றார்.

மூன்று வாக்கியங்கள்

அன்று சாயங்காலம் வரை அந்த மூன்று வாக்கியங்களோடு உட்கார்ந்திருந்தேன்.

வெட்கத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் அதை ரசித்துத்தான் செய்தேன். சாலமனின் தமிழ் கரடுமுரடானது. இவர்களுக்கு நல்ல தமிழ் என்றால் என்ன என்று காட்டுகிறேன் என்ற எண்ணம் எனக்கு.

ஆங்கிலத்தில் இருந்த 'சர்வீஸ்' என்ற சொல்லில் வந்து நின்றேன். அடிமை வேலை என்று போட்டால் முரட்டுத்தனமாக இருந்தது. பணிவிடை என்றால் நர்ஸ் வேலை மாதிரி. எங்கள் வீட்டில் 'அடியேன்' என்பது நாள் முழுக்கப் புழங்கும் சொல். பெரியவர்களைச் சேவிக்கும்போது, கடிதம் எழுதும்போது, ஏன், போனை எடுத்தாலே என் மாமனார் 'அடியேன்' என்றுதான் ஆரம்பிப்பார். தாசன், தொண்டு, கைங்கரியம் எல்லாம் எங்களுக்குப் பெருமைச் சொற்கள். அவற்றிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டேன்.

'பிறர் கூடாரங்களில் தொண்டு புரிந்து வாழ்வதே அவர்களுக்கு அருளப்பட்ட ஆசி.'

சத்தமாகப் படித்துப் பார்த்தேன். காதுக்கு நன்றாக இருந்தது. விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தேன். படத்தில் கிளையையும் வரைந்தேன். சிவண்ணா, "ஆய்தா மேடம்?" என்றார். ஆயிற்று என்றேன்.

சாலமன் வந்தார்

சனிக்கிழமை அவர் வந்தபோது, எப்போதும் பக்கங்களை வைத்துக் கொண்டுவரும் பை இல்லாமல் வந்தார். குழு அவரை நிறுத்திவிட்டது. மொழிபெயர்ப்பு மட்டுமல்ல, நஞ்சன்கூட்டில் பிரசங்கம் செய்துவந்த கூடத்தின் சாவியையும் ஐசக் சார் வாங்கிவிட்டாராம்.

"நீங்கதான் சொன்னீங்களாமே" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"மறைச்சது நீங்க. கேட்டார், சொன்னேன்."

"தப்பில்லீங்க. வெட்டுறேன்னு அவருகிட்டச் சொல்லிப்போட்டு வெட்டியிருக்கோணும். தெரியாம வெட்டினது என் குத்தமுங்க."

"எதுக்கு வெட்டினீங்க? இதைப் படிச்சா யாரும் உங்க பக்கம் வரமாட்டாங்கன்னா?"

அவர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"எங்கூர்ல ஒரு பண்ணைக்காரர் இருந்தாருங்க. அவரும் கிறிஸ்தவர்தான், நாங்களும் கிறிஸ்தவங்கதான். எங்கம்மா அவரு தொழுவத்துல சாணி அள்ளுவா. கோயில்ல நாங்க பின்னால தரையில உக்காரோணும். எங்கப்பா ஒருக்கா, ஏனுங்க சாமி, நாங்களும் பெஞ்சுல உக்காந்தா என்னன்னு கேட்டுப்போட்டாரு. அந்தாளு இந்தக் கதையைத்தான் எடுத்துச் சொன்னான். நோவா அன்னிக்கே சொல்லிட்டாரு, நீங்க காமோட பிள்ளைங்கன்னு. எங்கப்பா அதுக்கப்பறம் கோயிலுக்கே வரலீங்க. சாகுற வரைக்கும் வரலை."

மேஜையில் கிடந்த ஆங்கிலப் புத்தகத்தை ஓரமாகத் தள்ளினார்.

"நம்ம சனங்களுக்குக் கன்னடப் பிரசங்கம் பாதி புரியாதுங்க. தமிழ்ல ஒரு புஸ்தகம் வரட்டும்னுதான் ஒத்துக்கிட்டேன். எங்கப்பாவை விரட்டின வரியை என் கையால எழுத முடியலீங்க."

 மேஜையில் என் பத்தி, ட்ரேஸிங் பேப்பரில் கறுகறுவென்று அச்சாகிக் கிடந்தது. அவர் அதை எடுத்துப் படித்தார். மெதுவாகப் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. இதுல ஒரு காப்பி கொடுப்பீங்களா?"

"எதுக்கு?"

"புஸ்தகம் எப்படியும் வந்துரும். அதுக்கு முன்னாடி சனங்க என் வாயால கேக்கட்டும். அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை முடிஞ்சா வாங்க."

இது எதற்கு என்னைக் கூப்பிடுகிறார் என்று அப்போதும் யோசித்தேன். பழக்கம் போகவில்லை. காப்பி எடுத்துக் கொடுத்தேன்.

"உங்களுக்கு இதுல என்ன?"

திங்கட்கிழமை நானே ஐசக் சாரின் வீட்டுக்குப் போனேன். பத்தியை எடுத்துவிடலாம், அல்லது அதன் கீழே சாலமன் என்னிடம் சொன்னதையும் அச்சிடலாம் என்றேன்.

அவர் என்னை நிற்கவைத்தே பேசினார்.

"நீங்க இந்து. ஐயங்கார். எங்க புத்தகத்துல எது இருக்கணும்னு உங்களுக்கு என்ன? போன வாரம் நீங்கதான் குறை சொன்னீங்க. இந்த வாரம் நீங்களே எடுக்கச் சொல்றீங்க. யாரு அனுப்பினாங்க உங்களை?"

"யாரும் அனுப்பலை சார்."

"எங்க சபைக்குள்ள சண்டை மூட்டப் பாக்கறீங்கன்னு தோணுது மேடம்."

அவர் நிலையில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். மறுநாளே ஆள் அனுப்பி, புத்தகம் பதிந்திருந்த ஃப்ளாப்பியை வாங்கிக்கொண்டார். பெங்களூரில் அச்சடிக்கிறார்களாம். சிவண்ணா என்மேல் வருத்தப்பட்டார். பிறகு, "ஹோக்லி பிடி மேடம்" என்றார், போகட்டும் விடுங்கள் என்று.

நஞ்சன்கூட்டில்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறினேன். வீட்டில், கோயிலுக்குப் போகிறேன் என்று சொன்னேன்.

கூடம் பூட்டியிருந்ததால், குருவம்மா என்ற பெண்ணின் வீட்டு முற்றத்தில் தகரக் கூரையின் கீழே கூட்டம் நடந்தது. முப்பது பேர் இருப்பார்கள். கட்டட வேலைக்காரர்கள், மில்லில் பெருக்குகிறவர்கள். குருவம்மா ஐம்பதைத் தாண்டியவள். ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலை. எனக்கு மட்டும் உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். பக்கத்தில் யாரோ பல்லாரி வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார்கள்.

சாலமன் என் பத்தியை அப்படியே படித்தார். என் தமிழ் அந்த முற்றத்தில் எப்படி ஒலித்தது என்பதை நான் இன்னும் மறக்கவில்லை.  படித்து முடித்ததும் ஒரு குழந்தை சிணுங்கிற்று.

"இப்படி ஒரு புஸ்தகம் வருதுங்க. உங்க கையில கொடுப்பாங்க" என்றார் சாலமன். "நான் ஒண்ணு கேக்கறேன். பிரளயம் முடிஞ்சு பேழையை விட்டு எறங்கினதும் முதல்ல ஆசீர்வதிச்சது யாருங்க?"

"கர்த்தர்" என்றார்கள் நாலைந்து பேர்.

"யாரையெல்லாம்?"

"நோவாவையும் பிள்ளைங்களையும்."

"மூணு பேரையுமுங்களா, ரெண்டு பேரையா?"

"மூணு பேரையும்."

"அப்ப காமுக்கு ஆசி கிடைச்சுப்போச்சுங்களே. அப்பறம் ஒரு மனுஷன் குடிச்சு, போதை தெளிஞ்சு, மகன் மேல கோவத்துல ஒண்ணு சொல்றான். கடவுள் கொடுத்ததை அவன் எடுக்க முடியுங்களா? அதுவும் பேரன் கானானைத்தான் சொன்னான். கறுப்புன்னு சொன்னானா? நம்ம ஊருப் பேரைச் சொன்னானா? ஒண்ணுமே இல்லீங்க. அது உரை எழுதினவன் சேத்தது." பிறகு சொன்னார்: "பின்னாடி கர்த்தர் ஆபிரகாமுக்கு ஒரு வாக்குக் கொடுத்தாரு. பூமியில இருக்கிற எல்லாக் குடும்பமும் உன்னால ஆசீர்வாதம் பெறும்னு. எல்லாக் குடும்பமும். சமையல் பண்ணிட்டிருக்காங்களே பக்கத்து வீட்டுல, அவங்களும்தான்."

ஒரு வயசாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அந்த வாதம் முழுக்கச் சரியா என்று சொல்லத் தெரியாது. எல்லாக் குடும்பமும் என்பதில் என்னையும் சேர்த்துக்கொள்கிறாரே, வலை இதுதானோ என்றுகூட ஒரு கணம் தோன்றிற்று. ஆனால் இதே போல் பிறப்பைக் காட்டி வேலையைப் பிரித்துக் கொடுக்கிற வரிகள் எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் புத்தகங்களிலும் உண்டு. அவற்றை எதிர்த்து எங்கள் தெருவில் யாரும் இப்படி எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. முப்பது வருஷம் பேசாமல் இருந்தவர்கள்கூட அதைப் பற்றிச் சண்டை போடவில்லை.

சாலமன் அதன்பிறகும் பல வருஷம் அந்தத் தகரக் கூரையின் கீழேயே பேசினார். குழு அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை.

அன்று எல்லாரும் கலைந்தபோது நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். குருவம்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்தத் தமிழு உங்களுதுங்களாமே."

"ஆமாம்மா."

"தொண்டுன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாம்."

"நான் பாக்கறது கக்கூஸ் கழுவற வேலைங்க. அதுக்கும் அந்தச் சொல்லுதானுங்களா?"

 

"இல்லம்மா. தப்பு. அப்படி எழுதியிருக்கக் கூடாது."

"அப்ப மாத்திப்போடுங்க" என்றாள், மிகச் சாதாரணமாக.

ஃப்ளாப்பி பெங்களூருக்குப் போய்விட்டது, இனி என் கையில் ஒன்றும் இல்லை என்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சரி என்று தலையாட்டினேன். அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். நம்பவில்லை என்று தெரிந்தது. பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மழை தொடங்குவதற்கு முன்பே புத்தகம் வந்துவிட்டது. ஒரு பிரதியை வாங்கி அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஓர் எழுத்துப் பிழை இல்லாமல், நான் எழுதியபடியே இருந்தது.